அந்த 30 கட்டம்... காலியாவே இருக்கட்டும்!

போன வாரம் அரியர் எழுதப் போற ஆத்மாக்களுக்கு ஆறுதல் சொன்னோம். இந்த வாரம் ஒரு வாக்குமூலம். குற்றவாளி வேற யாருமில்ல, நானேதான்!

எங்க பெரியப்பா பொண்ணு எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். படிக்கிறது கடல் சம்பந்தமா. "கடலைப் போட்டே பாஸ் ஆகற டிபார்ட்மென்ட்டாக்கா அது?"னு ஒருதடவை ஜோக் அடிச்சு, தலையில நங்குனு வாங்கியிருக்கேன். அவங்க தீசிஸ் தலைப்பை நான் முழுசா சொன்னா இந்தப் பக்கத்துல பாதி போயிடும். சுருக்கமா: நம்ம புதுக்கோட்டை மாவட்டக் கடலுக்கு அடியில இருக்கிற புல்லை மாசாமாசம் எண்ணுறது.

"புதுக்கோட்டைக்குக் கடலா?"னு கேக்கறவங்க கை தூக்குங்க. பரவாயில்ல, எங்க ஹாஸ்டல்லயும் பாதிப் பேர் தூக்கினாங்க. கீரனூர், திருமயம், சித்தன்னவாசல்னு பாறையும் பொட்டலுமாத்தான் நம்ம ஊரைப் பலருக்குத் தெரியும். ஆனா அறந்தாங்கியில பஸ் மாறி ஒரு தூக்கம் போட்டீங்கன்னா மணமேல்குடி வந்துரும். கட்டுமாவடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல்னு வரிசையா கடலோர ஊருங்க. அலை அடிச்சு ஆளைத் தூக்கற மெரினா டைப் கடல் இல்ல. பாக் விரிகுடா! ரொம்ப தூரம் நடந்து போனாலும் இடுப்பளவு தண்ணிதான். எதிர்க்கரை, இலங்கை.

அந்தத் தண்ணிக்கு அடியிலதான் மேட்டர். கரையில கருப்பா, பழுப்பா ஒதுங்கிக் கிடக்குமே, நாம எல்லாம் 'பாசி'னு சொல்லிட்டுத் தாண்டிப் போவோமே, அதுல பெரும்பகுதி பாசியே இல்லையாம். வேர், தண்டு, இலை எல்லாம் இருக்கிற செடி. பூக்கும், காய்க்கும். ஒரு காலத்துல நிலத்துல இருந்து, அப்புறம் "போங்கடா"னு கடலுக்குள்ள இறங்கிப் போன பரம்பரை. ஒண்ணு நெத்திப்பொட்டு மாதிரி சின்னச் சின்ன முட்டை வடிவ இலையோட இருக்கும், பேரு ஹாலோஃபிலா ஓவாலிஸ். ஒண்ணு ஊசி மாதிரி உருண்டையா நீளமா இருக்கும், சிரிங்கோடியம். ஒண்ணு ரிப்பன் மாதிரி, சைமோடோசியா. (இந்த மூணு பேரை மனப்பாடம் பண்ண எனக்கு ஒரு வாரம் ஆச்சு. கிளாஸ்ல பசங்க பேரே எனக்கு இன்னும் பாதி தெரியாது!)

இந்தப் புல்லுக்குள்ளதான் இறால் குஞ்சும் நண்டும் ஒளிஞ்சு வளருது. ஓரா மீன் இதை மேயுது. அப்புறம், நம்ம ஹீரோ... ஆவுளியா! அதாங்க, கடல்பசு. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் சாப்பிடற சைவம். சொந்தக்காரங்க யாருன்னு பாத்தா யானை! 13, 14 மாசம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்கு மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம்கூட ஆகும். அதனாலதான் ஒண்ணு வலையில மாட்டிச் செத்தாலும் அந்த இடத்தை நிரப்ப அவ்ளோ காலம் ஆகுது. இந்தியா முழுக்கவே சுமார் 240தான் மிச்சம்னு தமிழ்நாடு அரசோட மதிப்பீடு. அதுல பெரும்பகுதி நம்ம பாக் விரிகுடா பக்கம்!

அதுக்காகத்தான் 2022 செப்டம்பர்ல, தஞ்சாவூர் - புதுக்கோட்டை கடல்ல 448 சதுர கிலோமீட்டரை கடல்பசுப் பாதுகாப்பகமா அரசு அறிவிச்சது. அதிராம்பட்டினத்துல இருந்து அம்மாபட்டினம் வரைக்கும். நாட்டுலயே முதல் கடல்பசுப் பாதுகாப்பகம் இதுதான் பாஸ்! 2025 அக்டோபர்ல அபுதாபியில நடந்த ஐ.யூ.சி.என். மாநாட்டுலகூட இதுக்கு அங்கீகாரம் கிடைச்சுது. அந்த 448-க்குள்ள புல்வெளி மட்டும் 12,250 ஹெக்டேர்.

சரி, வாக்குமூலத்துக்கு வருவோம்.

அக்காவுக்கு நான் அசிஸ்டென்ட் ஆனதே ஒரு பி.வி.சி. பைப்பால. புல் எண்ணறதுக்கு அரை மீட்டருக்கு அரை மீட்டர் ஒரு சதுர ஃபிரேம் வேணும். அதைத் தரையில வெச்சு, உள்ள எத்தனை சதவீதம் புல் மூடியிருக்கு, என்னென்ன வகைனு எழுதணும். "நீதான் இன்ஜினீயராச்சே, செஞ்சு குடுடா"ன்னாங்க. அரை நாள் உக்காந்து, பைப் வெட்டி, எல்போ மாட்டி, சொல்யூஷன் போட்டு ஒட்டி, உள்ள நூல் கட்டி 25 சின்னக் கட்டமாப் பிரிச்சு, ஐ.எஸ்.ஐ. தரத்துல குடுத்தேன். மணமேல்குடியில கடல்ல இறக்கினா... மிதக்குது! உள்ள காத்து அடைபட்டிருக்கு. படகுக்காரர் சிரிச்ச சிரிப்பு எதிர்க்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அவரே ஆணியைக் காய்ச்சி நாலு ஓட்டை போட்டார். மூழ்கிருச்சு. மூணு வருஷ இன்ஜினீயரிங் படிப்பும் கூடவே மூழ்கிருச்சு!

அந்தப் படகுக்காரரை அக்கா மாமானு கூப்பிடுவாங்க. நாட்டுப்படகு. அந்தப் பக்கம் விசைப்படகுங்க திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மத்த நாள் நாட்டுப்படகு. அதனால மாமாவோட படகு சும்மா நிக்கிற நாள்தான் அக்காவோட ஃபீல்டு நாள். டீசல் காசு மட்டும் வாங்கிப்பார். வீட்டுல ஒரே கலவரம், 'பொம்பளப் புள்ள தனியா படகுல போறதா?'னு. "நான் தனியா இல்லையே, தம்பி வர்றான்ல"னு என்னைக் கோத்துவிட்டு அக்கா தப்பிச்சுட்டாங்க. எனக்கு நீச்சல் தெரியாதுங்கிற உண்மை வீட்டுல யாருக்கும் தெரியாது!

ஆகஸ்ட்ல ஆரம்பம். மூணு இடம். இடத்துக்கு 15 கட்டம். மாசம் 45. கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கிட்டு அக்கா குப்புற மிதப்பாங்க. கையில பிளாஸ்டிக் அட்டை, பென்சில். (பென்சில் தண்ணிக்குள்ளயும் எழுதும். பத்து ரூபா டெக்னாலஜி!) ஒரு புல்லைக்கூடப் பிடுங்கல. பாக்கறது, எண்ணறது, எழுதறது, அவ்ளோதான்.

"ஆவுளியாவைப் பாத்துட்டியாக்கா?"னு தினம் கேப்பேன். கடைசி வரைக்கும் பாக்கல. ஒரே ஒரு நாள், புல்லுக்கு நடுவுல வகிடு எடுத்த மாதிரி ஒரு கோடு. ஆவுளியா மேஞ்சா அப்படித்தான் கோடு விழுமாம். நான் படகுல எம்பிக் குதிச்சேன். அக்கா அட்டையில என்ன எழுதினாங்க தெரியுமா? 'மேய்ச்சல் தடமா, நங்கூரம் இழுத்த தடமா, உறுதியில்லை.' சப்புனு ஆயிடுச்சு எனக்கு. "ஒரு கிக்குக்காவது எழுதுக்கா!" "கிக்குக்கு எழுதணும்னா உன்னை மாதிரி பத்திரிகைக்கு எழுதியிருப்பேன்டா." (இந்த வரியை எடிட்டர் கட் பண்ணாம இருக்கணும்!)

செப்டம்பர்ல ஒருநாள் மாமா பீடியைப் பத்தவெச்சுக்கிட்டே கேட்டார். "ஏம்மா, நீ எண்ணுற இந்த நம்பர வெச்சு நாளைக்கு எங்கள இந்தப் பக்கம் வலை போடக் கூடாதுன்னு சொல்லுவாங்களா?"

பாதுகாப்பகம் அறிவிச்சப்ப மீனவங்களுக்குப் புதுசா தடை எதுவும் இல்லைனு அரசுத் தரப்புல சொன்னாங்கதான். ஆனா பயம்னு ஒண்ணு இருக்குமில்ல? அந்த ஊருகள்ல ஏற்கெனவே எல்லை தாண்டினதா இலங்கைக் கடற்படை பிடிச்சுட்டுப் போற செய்தி இல்லாத மாசம் கம்மி. வருஷத்துக்கு 61 நாள், ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம் வேற. 'இது ஒண்ணுதான் பாக்கி'னு அவங்க நெனைக்க மாட்டாங்களா?

"அதெல்லாம் இல்ல மாமா"னு அக்கா ஈஸியா சொல்லியிருக்கலாம். சொல்லல. "எனக்குத் தெரியல மாமா. ஆனா நான் பாத்தது என்னவோ அதை மட்டும்தான் எழுதுவேன்"னாங்க. மாமா கொஞ்ச நேரம் தண்ணியையே பாத்துட்டு, "சரி, அது போதும்"னு மோட்டாரை இழுத்தார்.

அக்டோபர் ஓகே. ஐப்பசி பொறந்து வாடைக்காத்து கெளம்பிச்சு பாருங்க... அவ்ளோதான்! பாக் விரிகுடாவோட ஆட்டம் வடகிழக்குப் பருவமழையில. தரை பூரா வண்டல். காத்து அடிச்சா கலங்கி, தண்ணி டீ மாதிரி ஆயிடும். நவம்பர்ல ஒரு இடம் எப்படியோ முடிச்சாங்க. மத்த ரெண்டு இடத்துக்கு மூணு தடவை போனோம். ஒரு தடவை படகே எறங்கல. ஒரு தடவை பாதி வழியில திரும்பினோம். மூணாவது தடவை இறங்கி, முகத்துக்கு நேரா வெச்ச கையே தெரியல. "வாடை அடிக்கிறப்ப அடி தெரியாதும்மா. தெரியலன்னா தெரியலன்னு எழுதிக்க, வா போலாம்"னார் மாமா.

ஆக, நவம்பர் பத்தியில 30 கட்டம் காலி.

அப்புறம் டிசம்பர் கடைசியில தெளிஞ்ச ரெண்டு நாள்ல 45-ஐயும் முடிச்சு, ஜனவரி, பிப்ரவரியும் முடிச்சு, மார்ச்ல அக்கா எழுத உக்காந்தாங்க. மொத்தம் 315 கட்டம். நிரம்பினது 285. ரூம் பூரா பேப்பர், டீ கிளாஸ், சார்ஜர். பெரியம்மா வந்து "புல்லு எண்ணுறதுக்கா இவ்ளோ படிச்ச?"னு தட்டுல தோசையோட நிப்பாங்க. கைடுகிட்ட குடுக்க இன்னும் நாலு நாள். அக்கா ராத்திரி ரெண்டு மணிக்கு கீபோர்டு மேலயே தூங்கிட்டாங்க.

பாசமலர் தம்பி சும்மா இருப்பானா? லேப்டாப்பை எடுத்தேன். அந்த 30 கட்டமும் பல்லு விழுந்த வாய் மாதிரி இளிச்சுது. எங்களுக்கு நியூமரிக்கல் மெத்தட்ஸ்னு ஒரு பேப்பர் உண்டு. அதுல லீனியர் இன்டர்பொலேஷன்! அக்டோபர் தெரியும், டிசம்பர் தெரியும், நடுவுல நவம்பர் என்ன? கூட்டு, ரெண்டால வகு. எக்ஸல்ல ஒரு ஃபார்முலா, ஒரு இழுப்பு. பத்து செகண்ட்ல 30 கட்டமும் ஃபுல்! அறுந்து கெடந்த கிராஃப் கோடு அப்படியே வழுவழுனு ஒட்டிக்கிச்சு. எனக்கே என்மேல ஒரு இது வந்துருச்சு!

காலையில அக்கா பாத்தாங்க. நான் தேங்க்ஸ் எதிர்பார்த்தேன். திட்டுகூட விழல. அதான் பயமா இருந்துச்சு. சத்தமே இல்லாம கேட்டாங்க.

"நவம்பர்ல அங்க நீ பாத்தியாடா?"

"இல்ல... ஆனா சராசரிதானேக்கா..."

"அக்டோபர்ல 60 சதவீதம், டிசம்பர்ல 40-னு வெச்சுக்க. நீ நவம்பர்ல 50-னு போட்டிருக்க. மெதுவா கொறஞ்சுதுனு அதுக்கு அர்த்தம். ஒருவேளை நவம்பர்ல 15-க்கு விழுந்து, திரும்ப 40-க்கு எழுந்திருந்தா? இல்ல 60-ஆவே இருந்து டிசம்பர்ல ஒரே வாரத்துல போயிருந்தா? மூணும் வேற வேற கதைடா. புல்லுக்கு வெளிச்சம் வேணும். தண்ணி கலங்கின மாசத்துலதான் அதுக்கு என்னவோ நடக்குது. எந்த மாசம் முக்கியமோ அந்த மாசத்துலயே நீ ஒண்ணும் நடக்கலைனு எழுதி வெச்சிருக்க."

நான் தரையைப் பாத்தேன்.

"இன்னொண்ணு. அந்த 12,250 ஹெக்டேர்ல என்னோட ஃபிரேம் எத்தனை தடவை வெக்கலாம்?"

கணக்குனு வந்தா நாம விடுவோமா? மனசுக்குள்ள போட்டேன். ஒரு ஃபிரேம் கால் சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 40,000. மொத்தம் 49 கோடி!

"நான் பாத்தது 49 கோடியில ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியிலயும் பொய் கலந்தா மிச்சம் என்னடா இருக்கு? கஜா 2018 நவம்பர்ல அடிச்சுது. அதுக்கு முந்தி இந்த இடத்துல எவ்ளோ புல் இருந்துச்சுனு மாமாகிட்ட கேட்டேன். 'நெறைய இருந்துச்சும்மா'ங்கறார். அந்த 'நெறைய'ங்கிறதை நான் எந்தக் கட்டத்துல எழுத? நாளைக்கு இன்னொரு புயலுக்கு அப்புறம் எவளாவது ஒருத்தி என் தீசிஸை எடுத்துப் பாப்பா. அதுல காலியா இருந்தா, 'பாக்கல'னு தெரியும். நீ நிரப்பினது இருந்தா, பாத்தேன்னு நெனைப்பா. அப்புறம்... மாமாகிட்ட நான் என்ன சொன்னேன்?"

அதான் மக்கா, அந்தக் கடைசி கேள்விதான். 'பாத்தது என்னவோ அதை மட்டும்.' டீசல் காசு மட்டும் வாங்கிட்டு, தன்னோட பொழைப்புக்கே எதிரா திரும்பலாம்னு தெரிஞ்சும் படகை எடுத்த மனுஷனுக்குக் குடுத்த வார்த்தை. அதைத்தான் நான் பத்து செகண்ட்ல இழுத்து மூடியிருந்தேன்.

நானே ஒவ்வொண்ணா டெலீட் பண்ணேன். 30 தடவை. மொத்தமா செலக்ட் பண்ணியே அழிச்சிருக்கலாம், ஆனா அக்கா பக்கத்துல நின்னாங்க!

கைடுகிட்ட குடுத்தப்ப, நான் எதிர்பார்த்த மாதிரியே மொதல்ல "டேபிள் என்ன, ஓட்டையா இருக்கு?"னுதான் கேட்டாராம். அக்கா ஃபீல்டு நோட்டை எடுத்து வெச்சிருக்காங்க. எந்தத் தேதி போனோம், காத்து எப்படி, எங்க திரும்பினோம் எல்லாம் அதுல இருக்கு. படிச்சுட்டு, "இதை அப்படியே 'லிமிடேஷன்ஸ்' பகுதியில எழுது. கிராஃப்ல கோட்டை ஒட்டாதே"னு கையெழுத்து போட்டிருக்கார். அந்த அரைப்பக்கத்தை எழுதத்தான் அக்காவுக்கு ஒரு முழு ராத்திரி ஆச்சு. மத்த 80 பக்கத்தைவிட எனக்கு அதுதான் புரிஞ்சுது.

பிரின்ட் எடுக்க புதுக்கோட்டையில பைண்டிங் கடைக்குப் போனோம். கறுப்பு அட்டை, தங்க எழுத்து. கடைக்காரண்ணன் பக்கத்தைப் புரட்டிட்டு, "பாப்பா, இந்த டேபிள்ல பாதி பிரின்ட் விழல போல. வேற பக்கம் போட்டுத் தரவா?"னார்.

"இல்லண்ணே, அது அப்படித்தான்!"

ரெண்டு பேரும் கோரஸா சொன்னோம்.

மொத காப்பி கைடுக்கு, ரெண்டாவது டிபார்ட்மென்ட்டுக்கு, மூணாவது வீட்டுக்கு. நாலாவதா ஒண்ணு எக்ஸ்ட்ரா போட்டாங்க. மணமேல்குடி போய் மாமாகிட்ட குடுத்தோம். அவர் கையைத் துண்டுல தொடச்சுட்டு வாங்கி, நன்றிப் பக்கத்துல தன் பேரைத் தேடிப் பாத்துட்டு, அப்புறம் டேபிள் பக்கத்துக்கு வந்தார். அந்தக் காலிக் கட்டத்துல விரலை வெச்சு, "இது வாடை மாசம்தானே?"ன்னார். அவ்ளோதான் கேட்டார்.

வைவா இனிமேதான். அதனால முடிவு என்னன்னு இங்க நான் உளற மாட்டேன். (உளறினா அடுத்த வாரம் இந்தப் பக்கம் காலியா வரும்!)

இப்ப என் கதைக்கு வர்றேன். எங்க லேப்ல ரீடிங் 'சமைக்கிறது' ஒரு தேசிய விளையாட்டு. சீனியர் ரெக்கார்டுல விடை இருக்கும். பின்னாடி இருந்து முன்னாடி கணக்குப் போட்டா ரீடிங் தானா வந்து நிக்கும். மூணு வருஷமா நான் அதுல மாஸ்டர் செஃப். போன வாரம் ஒரு பரிசோதனையில மீட்டர் நடுவுல மக்கர் பண்ணிருச்சு. ஆறு ரீடிங்குல ரெண்டு கிடைக்கல. பக்கத்து பெஞ்ச் நண்பன் ரெடியா சீனியர் நோட்டை நீட்டினான். கை போச்சு... வாடைக்காத்து ஞாபகம் வந்துச்சு. 'மீட்டர் வேலை செய்யவில்லை, ரீடிங் எடுக்கவில்லை'னு எழுதிக் குடுத்தேன்.

வந்த பதில்: ரிப்பீட்! அடுத்த சனிக்கிழமை தனியா வந்து மறுபடி செய்யணும்.

பரவாயில்ல மக்கா. சனிக்கிழமை விசைப்படகுக்குத்தான் கடலுக்குப் போற நாள். நான் லேபுக்குப் போறேன்!

புராஜெக்ட், தீசிஸ் முடிக்கிற மக்களுக்கு... அக்கா தரும் அஞ்சு!

1. ஃபீல்டு நோட்டை அன்னிக்கு ராத்திரியே எழுதுங்க. 'நாளைக்கு'னு விட்டா, அது கதையாயிடும்.

2. எடுக்க முடியாத ரீடிங்குக்கும் தேதியும் காரணமும் எழுதுங்க. காலிக் கட்டத்துக்கு அதுதான் சாட்சி.

3. பூஜ்யம் வேற, காலி வேற. 'பாத்தேன், புல் இல்லை'ங்கறது பூஜ்யம். 'பாக்கவே இல்லை'ங்கறது காலி. எக்ஸல்ல ரெண்டையும் கலந்துட்டா சராசரி மொத்தமும் தப்பாயிடும்.

4. உங்களுக்கு ஊர்ல உதவினவங்ககிட்ட ஒரு காப்பி கொண்டுபோய்க் குடுங்க. அது அவங்க கடல், அவங்க வயல், அவங்க கணக்கும்கூட.

5. ராத்திரி தூங்கப் போறப்ப லேப்டாப்புக்கு பாஸ்வேர்டு போடுங்க. முக்கியமா, வீட்டுல இன்ஜினீயரிங் படிக்கிற தம்பி இருந்தா!